தாவோ என்னும் ஆறு

சீன தேசத்துத் தத்துவங்களுள் தாவோ நெறியைப்போல் உலகெங்கும் பெயர் பரவியதும், பெயர் பரவிய அளவுக்குப் பொருள் விளங்காமற் போனதும் வேறொன்று இல்லை எனலாம். 'தாவோ' என்னும் சீனச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வழி' என்பதே. ஊருக்குச் செல்லும் வழியும் தாவோ. உலகம் இயங்கும் வழியும் தாவோ. இத்துணை எளிய சொல்லை இந்திய மொழியில் எவ்வாறு பெயர்ப்பது என்று, கி.பி. 647-ஆம் ஆண்டில் சீன நாட்டில் முப்பதின்மருக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூடி வாதிட்டனர். அவ்வாதம் எழக் காரணமாயிருந்தவன் ஓர் இந்திய அரசன். அதில் முன்னின்று வழக்குரைத்தவர் நம் காஞ்சி மாநகரை நேரிற் கண்டு சென்ற ஒரு துறவி. வேற்றுமொழி வழங்கும் நகரில் நாள்தோறும் சொல்லுக்குச் சொல் தேடி வாழும் பெங்களூர்த் தமிழராகிய நமக்கு அந்த வாதம் முற்றும் அயலான கதை அன்று. அதனை இங்கே நினைவுகூர்வோம்.

வாதத்தின் அருமை விளங்கவேண்டுமானால், முதலில் நூலையும் அதன் கருத்தையும் அறிதல் வேண்டும். தாவோ நெறியின் முதனூல் 'தாவோ தே ஜிங்' எனப்படும். 'தாவோ' என்பது வழி. 'தே' என்பது அவ்வழியில் நிற்பதனால் ஒரு பொருளுக்கோ ஒரு மனிதனுக்கோ வாய்க்கும் உள்ளாற்றல். 'ஜிங்' என்பது போற்றுதற்குரிய நூல். ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகளே கொண்ட இச்சிறு நூல் 81 இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இதனை இயற்றியவர் லாவோ த்சு என்பது மரபு. அப்பெயர் 'முதிய ஆசான்' என்று பொருள்படும். கி.மு. 100-ஐ ஒட்டிச் சீன நாட்டு வரலாற்றை எழுதிய சிமா சியேன், லாவோ த்சு சௌ மரபு மன்னரின் ஏட்டுச் சாலையைக் காத்தவர் என்றும், கன்பூசியஸ் அவரைக் கண்டு உரையாடினார் என்றும் குறிக்கிறார். நாடு சீர்கெட்டது கண்டு அவர் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டாராம். எல்லைக் கணவாயின் காவலன் வேண்டிக்கொள்ள, இந்நூலை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றாராம். பின்பு அவரைக் கண்டவர் இல்லை. இக்கதையைச் சொல்லும் சிமா சியேனே, லாவோ த்சு உண்மையில் யாவர் என்பதில் தமக்குள்ள ஐயத்தை மறைக்கவில்லை.

பிற்காலத்தில் மண் சில சான்றுகளைத் தந்தது. 1973-இல் சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத் துணியில் எழுதிய இரண்டு படிகள் கிடைத்தன. அவற்றில் 'தே' பற்றிய பகுதி முன்னும் 'தாவோ' பற்றிய பகுதி பின்னுமாக அமைந்துள்ளன. 1993-இல் ஹூபெய் மாகாணத்துக் குவோதியன் கல்லறையில், மூங்கிற் சிம்புகளில் எழுதிய இன்னும் பழைய பகுதிகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சார்ந்தவை. இவற்றையெல்லாம் ஒப்புநோக்கிய அறிஞர் பலர், இந்நூல் ஒருவர் ஒரே காலத்தில் எழுதியது அன்று, தலைமுறை தலைமுறையாகத் திரண்டு உருப்பெற்றது என்று கருதுகின்றனர்.

நூல் உருவான காலம் போர்க்காலம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் கி.மு. 221 வரை சீன நிலத்தில் அரசுகள் ஒன்றையொன்று விழுங்க முயன்ற காலத்தைச் 'சமர்புரி நாடுகளின் காலம்' என்பர். ஊர்கள் அழிந்தன, வரிகள் உயர்ந்தன, உழவரைப் படைக்கு இழுத்துச் சென்றனர். இந்த நோய்க்கு மருந்து என்ன என்று பல ஆசிரியர்கள் சிந்தித்தனர். கன்பூசியஸின் வழி வந்தவர்கள் சடங்கும் முறைமையும் கல்வியும் ஒழுக்கமும் மீண்டும் நிலைபெற வேண்டும் என்றனர். சட்டவாதிகள் கடுமையான தண்டனையே நாட்டை நிறுத்தும் என்றனர். தாவோ ஆசிரியர்களோ, நோய்க்குக் காரணமே மனிதன் ஒவ்வொன்றையும் வலிந்து திருத்த முனைவதுதான் என்றனர். ஆகவே தாவோ நெறி மலைக்குகையில் பிறந்த கனவு அன்று. அரசியலின் நடுவே எழுந்த ஒரு மறுமொழி.

அந்நெறியின் முதற் கருத்து சொல்லின் எல்லையைப் பற்றியது. ஒரு பொருளுக்குப் பெயரிட்ட உடனேயே அதன் ஒரு பகுதி நம் கையை விட்டு நழுவுகிறது. எல்லாப் பொருளுக்கும் முன்னதாகவும் எல்லாப் பொருளிலும் ஊடுருவியும் நிற்கும் ஒழுங்குக்கு எப்பெயரும் முற்றும் பொருந்தாது. ஆயினும் பேசுவதற்கு ஒரு சொல் வேண்டுமே என்பதற்காக 'வழி' என்ற சொல்லை ஆசிரியர் கைக்கொள்கிறார். அது மனிதனைப் படைத்து ஏவும் கடவுள் அன்று. புகழை வேண்டுவதும் இல்லை, தண்டிப்பதும் இல்லை. அன்னை போல் அனைத்தையும் ஈன்று வளர்த்தும், எதனையும் தனதென்று உரிமை கொண்டாடாதது அது.

இரண்டாவது கருத்து வெறுமையின் பயன். சக்கரத்தின் ஆரங்கள் பல. ஆயினும் அச்சு நுழையும் நடுத்துளை இல்லையேல் வண்டி ஓடாது. குயவன் வனைவது மண்ணை. நீர் நிற்பதோ உள்ளே மண்ணில்லாத இடத்தில். வீட்டுக்குச் சுவர் வேண்டும். நாம் குடியிருப்பதோ சுவர்களுக்கு இடையேயுள்ள வெளியில். உள்ளது வசதி தருகிறது, இல்லாதது பயன் தருகிறது என்னும் இச்சிந்தனை, மனத்துக்கும் பொருந்தும் என்பர் தாவோ ஆசிரியர்கள். தன் கருத்தால் நிரம்பி வழியும் மனத்தில் பிறர் கருத்து தங்க இடமேது?

மூன்றாவது 'த்சூ ரான்'. தானே அவ்வாறிருத்தல் என்பது அதன் சொற்பொருள்; தமிழில் 'இயல்பு' என்று சொல்லிவிடலாம். நாற்று வளரவில்லையே என்று நுனியைப் பிடித்து இழுப்பவன் நாற்றை வளர்ப்பதில்லை, பிடுங்குகிறான். உளி படாத மரத்துண்டையே தாவோ ஆசிரியர்கள் இயல்புக்கு அடையாளமாகக் காட்டினர். செதுக்கிய பின் அது ஒரு கரண்டியாகவோ ஒரு கட்டிற்காலாகவோ ஆகிவிடும். செதுக்குமுன் அதனுள் எல்லாம் அடங்கியிருக்கும்.

நான்காவது, மிகவும் பிழைபட உணரப்பட்ட 'வூ வெய்' என்னும் கருத்து. எழுத்தெண்ணிப் பெயர்த்தால் 'செய்யாமை' என்று வரும். இதனைச் சோம்பல் என்று எண்ணினவர் பலர். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளும் ஓடக்காரனைக் கண்டவர்களுக்கு இதன் உண்மைப் பொருள் எளிதில் விளங்கும். அவன் சும்மா இருப்பதில்லை, கணந்தோறும் கருத்தாயிருக்கிறான். ஆனால் வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. சுழி எங்கே, பாறை எங்கே, நீரின் இழுப்பு எப்பக்கம் என்று அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் துடுப்பை இடுகிறான். பொருளின் போக்குக்கு மாறாக வலிந்து செய்யாமையே வூ வெய். அரசனுக்கும் இதுவே விதி. எடுத்ததற்கெல்லாம் ஆணை பிறப்பிக்கும் அரசனைக் காட்டிலும், இருக்கிறான் என்பதே மக்களுக்குப் பாரமாகாதபடி ஆளும் அரசன் மேலானவன் என்பது இந்நூலின் கொள்கை.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவாங் த்சு இக்கருத்துகளைக் கதைகளாக்கினார். அவர் பெயரால் வழங்கும் நூலில் 33 இயல்கள் உள்ளன. முதல் ஏழு இயல்களே அவர் வாக்கு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அந்நூலில் ஓர் ஊன்வினைஞன் வருகிறான். மற்றவர்கள் மாதந்தோறும் கத்தியை மாற்ற, அவன் கத்தி பத்தொன்பது ஆண்டுகளாகியும் புதிதாகத் தீட்டியதுபோல் இருக்கிறது. எலும்பை வெட்டாமல், மூட்டுகளுக்கிடையே இயற்கையாக அமைந்த இடைவெளியிலேயே கத்தியைச் செலுத்தப் பழகிக்கொண்டதுதான் அவன் இரகசியம். அதே நூலில் கிணற்றுத் தவளை ஒன்று, கீழைக் கடலிலிருந்து வந்த ஆமையிடம் தன் கிணற்றின் பெருமையைப் பேசுகிறது. நம் பாட்டிமார் சொல்லும் தவளையைச் சீனத்துக் கிணற்றிலும் காணும்போது நமக்கு நகையும் உவகையும் ஒருங்கே தோன்றுகின்றன.

தாவோ நூல்கள் மீண்டும் மீண்டும் காட்டும் உவமை நீர். நீர் மென்மையானது, ஆயினும் கல்லைக் கரைப்பது. எல்லாவற்றையும் வாழ்விப்பது, ஆயினும் எவரும் விரும்பாத பள்ளத்தையே நாடுவது. இவ்வுவமையை விளங்கிக்கொள்ளப் பெங்களூரைக் காட்டிலும் ஏற்ற இடம் அரிது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது இந்நகர். பேராறு எதுவும் இதனூடே ஓடவில்லை. மேட்டின் மேற்புறம் விழும் மழை விருஷபாவதி வழியே அர்க்காவதியில் சேர்ந்து காவிரியை அடைகிறது. கிழக்குப்புறம் விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில், அதாவது நம் தென்பெண்ணையில் கலந்து, ஒசூர் வழியாகக் கடலூர்க் கடற்கரைவரை செல்கிறது. இருபுறத்து நீரும் கடைசியில் தமிழ்நிலத்தைத் தொடுகின்றது. அதற்கு எல்லைக்கல்லும் தெரியாது, மொழியும் தெரியாது. பள்ளம் ஒன்றே தெரியும்.

1537-இல் கெம்பே கௌடர் இந்நகரை நிறுவிய காலத்திலும் அதற்குப் பின்னும் ஏரி வெட்டியவர்கள் நிலத்தின் சரிவோடு வாதிடவில்லை. பள்ளத்தாக்கின் போக்கிலே கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலியாக அமைத்தனர். தாவோ என்ற சொல்லை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். வூ வெய்யின் தொழிலைச் செய்தனர். பிற்காலத்தில் அச்சங்கிலியின் கண்ணிகள் பல அறுந்தன. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள் பல இடங்களில் குறுகின. 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதியில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது என்றுதான் பலரும் பேசினர். வழியை மறந்தவர்கள் நாம், நீர் மறக்கவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன வாதத்துக்கு வருவோம். அதனை முன்னின்று நடத்தியவர் யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவி. 629-ஐ ஒட்டிச் சீனத்தை விட்டுப் புறப்பட்டு, பாலையும் பனிமலையும் கடந்து இந்தியா வந்து, நாளந்தாவில் சீலபத்திரரிடம் கற்றவர். அச்சீலபத்திரரின் ஆசான் தர்மபாலர்; அவர் பிறந்த ஊர் காஞ்சி என்று யுவான் சுவாங்கே எழுதியுள்ளார். தம் ஆசானின் ஆசான் பிறந்த அந்நகருக்கு அவர் ஏறத்தாழ 640-இல் வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் துறவிகளும் அந்நாட்டில் இருந்ததாகக் குறித்துள்ளார். அப்போது காஞ்சியில் ஆண்டவன் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன். வாதாபியில் ஆண்டவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி. இருவருக்கும் தீராப் பகை. 642-இல் பல்லவர் படை வாதாபியைக் கைப்பற்றியது. அப்பகை கனன்றுகொண்டிருந்த நாட்களில் இத்துறவி காஞ்சியிலிருந்து தக்காணத்தின் ஊடே நடந்து புலிகேசியின் நாட்டையும் கண்டார். திராவிட நாட்டு மக்களின் வாய்மையையும் கல்வியையும் பாராட்டிய அதே கை, புலிகேசியின் குடிகளின் மானத்தையும் நன்றியறிதலையும் பாராட்டி எழுதியது.

பின்னர் அவரைத் தன் நாட்டுக்கு அழைத்து உபசரித்தவன் காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன். காமரூபம் என்பது இன்றைய அஸ்ஸாம். 645-இல் யுவான் சுவாங் 657 நூல்களோடு சீனத் தலைநகரான சாங்கான் திரும்பினார். அதற்கிடையில், 643-இல் சீனப் பேரரசன் தாய்த்சுங் அனுப்பிய தூதன் லீ யிபியாவ் காமரூபத்துக்கும் சென்றிருந்தான். பாஸ்கரவர்மன் அவனிடம், உங்கள் நாட்டிலும் ஓர் அறிவு நூல் உண்டாமே, அதனை வடமொழியில் பெயர்த்து எமக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்னும் கருத்துப்பட வேண்டினான். தூதன் திரும்பிச் சென்று தெரிவிக்கவே, 647-இல் பேரரசன் ஆணையிட்டான். தாங் மரபினரின் குடிப்பெயரும் லீ. லாவோ த்சுவின் குடிப்பெயரும் லீ என்பது மரபு. ஆகவே அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடிய அரச குடும்பத்துக்கு இவ்வேண்டுகோள் பெரும் பெருமையாயிற்று. மொழிபெயர்ப்புப் பணி யுவான் சுவாங்கிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவரோடு இருந்து மூலத்தை விளக்கத் தாவோ அறிஞர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் வந்தனர். த்சாய் ஹுவாங் என்பாரும், சுவாங் த்சு நூலுக்கு உரை கண்ட செங் சுவான்யிங் என்பாரும் அவர்களுள் தலையாயவர்கள். நடந்ததைக் குறித்துவைத்தவர் அவர்கள் காலத்திலேயே வாழ்ந்த தாவ்சுவான் என்னும் துறவி. இக்குறிப்பை ஆராய்ந்து 1912-இல் உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ.

வாதம் முதற் சொல்லிலேயே மூண்டது. 'தாவோ' என்பதற்கு வடமொழியில் 'போதி' என்று இடவேண்டும் என்றனர் தாவோ அறிஞர்கள். 'மார்க்கம்' என்றுதான் இடவேண்டும் என்றார் யுவான் சுவாங். தாவோ அறிஞர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பௌத்தம் சீனத்துக்கு வந்த புதிதில், அதன் மொழிபெயர்ப்பாளர்களே போதியைத் தாவோ என்றும் நிர்வாணத்தை வூ வெய் என்றும் எழுதினர். அன்று எங்கள் சொல் உங்களுக்குப் பயன்பட்டதே, இன்று உங்கள் சொல் எங்களுக்கு ஏன் பயன்படலாகாது என்பது அவர்கள் வழக்கு. அதற்கு யுவான் சுவாங் இசையவில்லை. முன்னோர் அவ்வாறு செய்தது சொற்பொருள் தெளியாத தொடக்க காலத்தில். இந்தியாவில் போதி என்றால் விழிப்பு. மார்க்கம் என்றால் வழி. காமரூபத்து அரசன் கேட்டது லாவோ த்சுவின் கருத்தை. போதி என்று எழுதினால் அவன் படிக்கப்போவது புத்தரின் கருத்தை. மூலத்தை விளக்கப் பௌத்தச் சாத்திரங்களின் கலைச்சொற்களைக் கையாள்வதையும் அவர் இதே காரணத்தால் மறுத்தார். பற்களைத் தட்டுதல், உமிழ்நீரை விழுங்குதல் போன்ற உடற்பயிற்சிகளைப் பேசும் ஒரு முன்னுரையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அது இந்தியாவில் நகைப்புக்கு இடமாகும் என்று அதனையும் விலக்கினார்.

இவ்வாதத்தில் ஒரு விந்தை உண்டு. யுவான் சுவாங் தாவோ நெறியினர் அல்லர். அதன்மேல் அவருக்குப் பெருமதிப்பும் இல்லை. தம் மதமே உயர்ந்தது என்ற உறுதியும் அவருடைய மறுப்பில் கலந்திருந்தது. ஆயினும் லாவோ த்சுவின் சொல்லை அதன் இயல்பிலேயே நிறுத்தியவர் அவர்தாம். லாவோ த்சுவின் அடியார்களோ அச்சொல்லுக்கு இரவல் ஆடை உடுத்தி அனுப்ப விரும்பினர். வலிந்து திருத்தாதே, பொருளை அதன் போக்கில் விடு என்று போதித்த நூலுக்கு, அந்நூலை நம்பாத ஒருவரே அந்நூலின் முறைப்படி நடந்துகொண்டார். அயலார் கருத்தை மதிக்க அதனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அதனை அதன் பெயராலேயே அழைத்தால் போதும். இவ்வரலாறு நமக்குத் தரும் முதன்மையான பாடம் இதுவே. அந்த வடமொழிப் பெயர்ப்பின் படி ஒன்றும் நம் காலத்துக்கு எட்டவில்லை. நூல் மறைந்தாலும் வாதம் நிலைத்துவிட்டது.

அந்த முறையிலேயே இப்போது தமிழுக்கு வருவோம். தாவோவைத் தமிழில் என்னென்று சொல்வது? நமக்கு வாய்த்த சொல் ஒன்று உண்டு: அதுவே 'ஆறு'. நீர் ஓடுவதும் ஆறு. மனிதர் நடக்கும் வழியும் ஆறு. ஒரு செயலைச் செய்யும் முறையும் ஆறு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் காட்டும் பாட்டை ஆற்றுப்படை என்றனர் நம் முன்னோர். பத்துப்பாட்டில் இத்தகைய பாட்டுகள் ஐந்து. வழியென்றும் நீரென்றும் தாவோ நூல் இரண்டு சொற்களால் காட்டும் கருத்தைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. இதனால் தமிழர் சீனரிடம் கற்றனர் என்றோ, சீனர் தமிழரிடம் கற்றனர் என்றோ பேசுவது தகாது. நீர் ஓடிய தடத்தையே மனிதன் வழியாகக் கொண்டான் என்ற பட்டறிவு எந்த நாட்டிலும் எழக்கூடியதே.

இந்த எச்சரிக்கை நமக்கு மிகவும் வேண்டும். 'சும்மா இருத்தல்' என்னும் தமிழ்ச் சமய மரபின் உயரிய கருத்தை எடுத்துக்கொண்டு, இதுதான் வூ வெய் என்று கூறிவிட நமக்கு ஆசை எழும். இரண்டும் அண்டை வீடுகளே. ஒரே வீடு அல்ல. தாயுமானவர் போன்றோர் காட்டும் மோனம், 'நான்' என்னும் முனைப்பை இறைவன் திருவடியில் ஒடுக்குவது. வூ வெய்யில் ஒடுங்குவதற்கு ஓர் இறைவன் இல்லை. ஓடுகின்ற ஒழுங்கு ஒன்றே உண்டு. போகர் என்னும் சித்தர் சீனத்திலிருந்து வந்தவர் என்றும் சீனத்துக்குச் சென்றவர் என்றும் பழனி மரபில் வழங்கும் கதைகளையும் இவ்வாறே நோக்கவேண்டும். அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் பலவற்றின் மொழிநடை பிற்காலத்தது. நீண்ட ஆயுளுக்கும் இரசவாதத்துக்கும் முயன்ற தாவோ சமயம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு முதல் அமைப்பாக வளர்ந்தது. சித்தர் மருத்துவத்தை அதனோடு ஒப்பிட இடமுண்டு. ஆனால் லாவோ த்சுவும் சுவாங் த்சுவும் பேசிய பழைய தத்துவம் மரணத்தை வெல்ல முயல்வதை ஆதரிப்பதாகச் சொல்ல முடியாது. பிறப்பும் இறப்பும் பகலும் இரவும் போல வருவன என்பதே சுவாங் த்சுவின் நோக்கு.

கதைகளை விடுத்துக் கல்லில் நிற்கும் சான்றைக் காண்போம். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததை அது தெரிவிக்கிறது. இலங்கையில் காலி நகரில் 1911-இல் கண்டெடுத்த கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்தது. 1409-ஆம் ஆண்டைச் சார்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் அமைந்த அக்கல்லில், சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவின் பெயரைச் சொல்லுகிறது. மூவருக்கும் அளித்த காணிக்கைகளோ பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவரையும் அவரவர் பெயராலேயே அழைத்து அளிப்பதை ஒத்தது அது. யுவான் சுவாங் சொல்லில் காத்த மரியாதையை இக்கல் செயலில் காட்டுகிறது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று நம் கண்முன் பெங்களூரில் நடந்தது. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவ 1991-இல் அமைத்த திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. அவ்வாண்டில் காவிரிப் பூசலால் இந்நகரில் விளைந்த துயரத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். வலிந்து திறக்க முயன்ற வேளைகளிலெல்லாம் எதிர்ப்பும் வலுத்தது. முடிவில் 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது; அடுத்து ஆகஸ்ட் 13-ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒரு பக்கத்து வெற்றியாக ஆகமுடியாத ஒன்று, இருபக்கத்து மரியாதையாக ஆனபோது எளிதில் முடிந்தது. எலும்பிடுக்கில் இடைவெளி தேடிய சுவாங் த்சுவின் வினைஞனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இடைவெளி எப்போதும் இருந்தது; கத்தியை எங்கே செலுத்துவது என்ற அறிவுதான் பிந்தி வந்தது.

ஆனால் சிலையைத் திறத்தல் அரசுகளின் செயல். நூலைத் திறத்தல் நம் செயல். பாஸ்கரவர்மன் செய்த அரிய காரியம், அயலாரிடம் சென்று உங்கள் நூலைக் கொடுங்கள் என்று கேட்டதே. தன்னிடம் வேதமும் சாத்திரமும் இல்லாமலா அவன் கேட்டான்? இந்நகரில் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாக வாழும் நம்மில் எத்தனை பேர் சர்வக்ஞரின் மூவடிப் பாக்களையோ பசவண்ணரின் வசனங்களையோ கன்னட நண்பரிடம் கேட்டுப் படித்திருக்கிறோம்? நம் குறளை அவர்கள் படிக்கவேண்டும் என்று விரும்பும் நாம், அவர்கள் நூலை அவர்கள் சொல்லிலேயே கேட்கும் பொறுமையையும் பெறுதல் வேண்டும். கேட்டவுடன், இது எங்கள் குறளில் முன்பே உள்ளது என்று கூறிவிடாமல் இருத்தல் அதனினும் வேண்டும். அவ்வாறு கூறுவது தாவோவைப் போதி என்று பெயர்ப்பதற்கு ஒப்பாகும்.

கவிஞர் சி. மணி 'தாவோ தே ஜிங்' நூலைத் தமிழில் தந்தபோது, தலைப்பில் தாவோவைத் தாவோ என்றே விட்டார். விரும்புவோர் அதனைத் தேடிப் படிக்கலாம். படிக்கும்போது 'ஆறு' என்னும் நம் பழஞ்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால், வாயில் திறக்கும். உள்ளே சென்றபின் அது சீனத்து வீடு என்பதை மறவாதிருந்தால், விருந்தினர்க்குரிய பண்பும் நிலைக்கும். வாயிலுக்கு நம் சொல். வீட்டுக்கு அவர்கள் சொல். வேற்றிடத்தில் வாழ்வோர்க்கு இதனினும் பயன்தரும் ஆறு ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.